46 கிலோவுக்குள் ஒரு குடும்பம்!

பி.காம். படித்தவனுக்கு அபார்ட்மெண்ட் வாழ்க்கையில் ஒரு தண்டனை உண்டு. கூட்டல், கழித்தல் எது வந்தாலும் அவன் வீட்டு பெல்லைத்தான் அழுத்துவார்கள். தண்ணி லாரி கணக்கு, லிஃப்ட் ரிப்பேர் கணக்கு, மூன்றாம் மாடி மாமியின் தீபாவளி சீட்டுக் கணக்கு என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஆனால், ஒரு குடும்பத்தையே எடை போட்டுப் பிரித்துத் தரச் சொல்லி ஒருவர் வந்து நின்றது அன்றைக்குத்தான்.

எதிர் ஃப்ளாட்காரர். 2023 மே மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கையில் ஒரு எடை மெஷின்.

"பிரதர், ஒரு ஆளுக்கு 46 கிலோ. நாலு பேருக்கு 184. கொஞ்சம் வந்து பட்ஜெட் போட்டுக் கொடுங்க. வீட்ல அடிதடி நடக்குது!"

அவர் என்னை 'பிரதர்' என்பார். நான் அவரை 'சார்' என்பேன். அவர் மனைவியை 'சிஸ்டர்' என்பேன். அந்த அம்மாள் நர்ஸும்கூட, ஆகவே இரட்டை சிஸ்டர். சார் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 15 வருஷமாக லேப் டெக்னீஷியன். பையனுக்கு 11 வயது, பெண்ணுக்கு 6. கூடவே சாரின் அம்மா, 78 வயது. பாளையங்கோட்டைப் பக்கம். அபார்ட்மெண்ட் மொத்தத்துக்கும் அவர் 'ஆச்சி'.

ஆச்சியைத் தவிர மற்ற நாலு பேரும் டான்ஸானியாவுக்குக் கிளம்புகிறார்கள். விக்டோரியா ஏரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து மிஷன் ஆஸ்பத்திரி. முதலில் மூணு வருஷம். "மிஷனரியாப் போறோம் பிரதர்" என்று அவர் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். மிஷனரி என்றால் எனக்குத் தெரிந்தது, கறுப்பு வெள்ளைப் போட்டோவில் தாடியும் தொப்பியுமாக நிற்கும் வெள்ளைக்காரர். அவர் அங்கிருந்து இங்கே வருவார். இங்கிருந்து, அதுவும் எங்கள் இரண்டாவது மாடியிலிருந்து, ஒருத்தர் அங்கே போவார் என்பது எனக்குப் புதுச் செய்தி.

ஆச்சிக்கு அது பழைய செய்தி.

"1903-லேயே எங்க திருநவேலிக்காரங்க மிஷனரி சங்கம் ஆரம்பிச்சாச்சுய்யா! வெள்ளாளன்விளை அசரியா ஐயரு தெலுங்கு தேசத்துக்கே போகலையா?" என்றார். பிறகு விசாரித்தேன். உண்மைதான். இந்தியன் மிஷனரி சொஸைட்டி என்று நம் ஆட்களே பணம் போட்டு, நம் ஆட்களையே அனுப்பிய சங்கம். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான வி.எஸ்.அசரியா, 1909-ல் தோர்ணக்கல்லுக்குப் போய், தெலுங்கு கற்று, 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார்.

சரி, 184 கிலோவுக்கு வருவோம்.

ஹால் நடுவில் எட்டுப் பெட்டிகள் வாயைப் பிளந்து கிடந்தன. ஆச்சி ஒரு மூலையில் தனி டிப்போ நடத்திக் கொண்டிருந்தார். மாங்காய் ஊறுகாய், கருவாடு, வத்தல், இட்லிப்பொடி, சுக்கு. எல்லாமே பிளாஸ்டிக் கேரி பேக்கில். ஒவ்வொரு பேக்கும் அவர் மெத்தைக்கு அடியில் பல வருஷம் மடித்து வைத்துக் காப்பாற்றிய பொக்கிஷம்.

"ஆச்சி, அந்த நாட்டில் 2019 ஜூன்லேருந்து பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை. ஏர்போர்ட்லயே வாங்கி வச்சுக்குவாங்க" என்றான் பையன்.

"ஊறுகாயையுமா?"

"பையை மட்டும்."

ஆச்சி யோசித்து, எல்லாவற்றையும் டப்பாவுக்கு மாற்றி, டப்பாக்களை மஞ்சப்பைகளில் போட்டார். 'சுபமுகூர்த்தம்' என்று பெரிசாக அச்சடித்த கல்யாணப் பைகள். ஒரு கிறிஸ்தவ மிஷனரிக் குடும்பத்தின் ஊறுகாய், தாம்பூலப் பையில் ஆப்பிரிக்கா போகத் தயாரானது.

அடுத்து கொப்பரைத் தேங்காய். எண்ணெய்ப் பசையால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது என்று அதை ஏரோப்ளேனில் ஏற்ற விடமாட்டார்கள். "அம்பது வருஷமா என் அடுக்களையில கிடக்கு, ஒருநாளும் தீப்பிடிக்கலையே!" என்று ஆச்சி வாதாடினார். தோற்றார்.

அங்கே முக்கியச் சாப்பாடு உகாலி. மக்காச்சோள மாவில் கிண்டுகிற களி. "இங்கே களி திங்க ஏதாவது தப்புப் பண்ணிட்டு ஜெயிலுக்குப் போகணும். நாங்க டிக்கெட் எடுத்துப் போறோம்" என்றார் சிஸ்டர். வீடே சிரித்தது. ஆச்சி மட்டும் சிரிக்காமல் இன்னொரு டப்பா இட்லிப்பொடியை உள்ளே செருகினார்.

பெட்டி கட்டுவதுதான் பெரிய வேலை என்று நினைத்திருந்தேன். அது கால்வாசி வேலை. மிச்சத்தை நான் ஒரு அரைக் குயர் நோட்டில் எழுதினேன். கேஸ் கனெக்‌ஷனை ஒப்படைத்து டெபாசிட்டை வாங்குவது. ஸ்கூட்டரை விற்று 29, 30-ம் நம்பர் ஃபாரங்களில் கையெழுத்துப் போடுவது. பிள்ளைகளுக்கு டி.சி. எல்.ஐ.சி. பிரீமியம். வெளிநாட்டில் குடியேறுகிறவர் உள்ளூர் சேவிங்ஸ் அக்கவுண்ட்டை அப்படியே வைத்திருக்கக் கூடாது, என்.ஆர்.ஓ. அக்கவுண்ட்டாக மாற்ற வேண்டும் என்று பாங்க்கில் ஒரு நாள். வழியில் விமானம் மாறுகிற நாட்டையும் சேர்த்துக் கணக்குப் பண்ணி, மஞ்சள் காய்ச்சல் ஊசிக்காக கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஒரு நாள். போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அந்த சர்டிபிகேட் செல்லும். 2016-ல் வந்த மாற்றத்துக்குப் பிறகு ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் போதும்.

ஒரு குடும்பம் ஓர் ஊரில் இவ்வளவு ஆணிவேர் விட்டிருக்குமா என்று பிடுங்கும்போதுதான் தெரிகிறது.

இதில் எனக்குப் புரியாத கணக்கு ஒன்று இருந்தது. சம்பளம். போகிற இடத்தில் சாருக்குக் கிடைக்கப் போவது, இங்கே வாங்கியதில் பாதிகூட இல்லை. சிஸ்டருக்குத் தனிச் சம்பளமே இல்லை. நர்ஸ் வேலைக்கு வளைகுடாவுக்குப் போயிருந்தால் நாலு மடங்கு. எந்தக் கோணத்தில் பேலன்ஸ் ஷீட் போட்டாலும் நஷ்டம்தான் கீழே நிற்கிறது.

கேட்டேவிட்டேன். "சார், தப்பா நினைக்காதீங்க. அங்கே போய் மதம் மாத்தப் போறீங்களா? ஏழை இங்கேயே இல்லையா?"

அவர் கோபப்படவில்லை. "ரெண்டுமே நியாயமான கேள்வி பிரதர். என் வேலை ஸ்லைடுல மலேரியாக் கிருமி இருக்கா இல்லையான்னு பார்க்கிறது. அதைப் பொய் இல்லாமச் செய்யணும். யாராச்சும் 'இவ்வளவு தூரம் ஏன் வந்தே?'ன்னு கேட்டா, எதனாலன்னு மறைக்காமச் சொல்லுவேன். அவ்வளவுதான். ஏழை இங்கேயும் இருக்காங்க. ஆனா இங்கே நான் லீவு போட்டா, மறுநாள் வேற ஆள் வந்துடுவார். அங்கே ஆளே இல்லைன்னு கடுதாசி வந்துச்சு."

எனக்கு முழுசாக ஒப்பவில்லை. ஆனால், என்னைவிட ஒப்பாதவர் ஒருவர் பாளையங்கோட்டையிலிருந்து ரயிலேறி வந்தார். சாரின் அண்ணன்.

வந்தவர் காப்பிகூடக் குடிக்கவில்லை. "அம்மாவை என் வீட்டுக்குப் பார்சல் பண்ணிட்டு நீ ஊழியத்துக்குப் போறியா? பெத்த தாயை விட்டுட்டுப் போறதுக்குப் பேரு ஊழியமாலே?" என்று ஆரம்பித்தார். "எழுபத்தெட்டு வயசு. மூணு வருஷம்ங்கே. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா முகம் பாக்க வருவியா? மண்ணு போட வருவியா?"

சார் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. சிஸ்டர் பிள்ளைகளை உள்ளே அழைத்துக் கொண்டு போய்விட்டார். நான் எடை மெஷினைப் பார்த்தபடி நின்றேன்.

ஆச்சிதான் பேசினார். மெதுவாக.

"நாப்பது வருஷமா உலை வைக்கிறப்பல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்து டின்னுல போட்டு வச்சேன். மிஷனரிமாருக்குன்னு சபைல குடுத்தேன். ஒருநாளும் மறக்கலை. அடுத்தவ புள்ள போறதுக்குத்தான குடுத்தோம்னு இருந்துட்டேன். எவளோ ஒருத்தி புள்ளைய அனுப்பிட்டு அழுதிருப்பாளேன்னு இத்தனை வருஷத்துல நான் நினைச்சுக்கூடப் பாக்கலைய்யா. இப்ப எம் புள்ள போறான்னதும் மாட்டேன்னு சொன்னா, அந்த அரிசிக்கு என்ன அர்த்தம்?"

பெரியவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். வெகுநேரம் வரவில்லை.

(பிடி அரிசி என்பது தெற்குச் சீமைச் சபைகளில் பழைய வழக்கம். பெண்கள் சேர்த்துத் தரும் அரிசியை விற்று ஊழியத்துக்குப் பணம் அனுப்புவார்கள். இந்த ஏரோப்ளேன் டிக்கெட்டில் எத்தனை பிடி அரிசி இருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பி.காம். பத்தவில்லை.)

அன்று ராத்திரி மொட்டை மாடியில் சார் கேட்டார். "பிரதர், நீங்க வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கீங்களா?"

என் அம்மாவின் இதயத்துக்காக மூணு நாள் அங்கே நீள பெஞ்சில் சீட்டும் கையுமாக உட்கார்ந்தவன் நான். சொன்னேன்.

"அந்த பெஞ்சு, ஒரு குடும்பம் இதே மாதிரி மூட்டை கட்டினதால வந்தது" என்றார்.

அவர் சொன்னதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நியூயார்க்கில் ஜான் ஸ்கடர் என்று ஒரு இளம் டாக்டர். நல்ல பிராக்டீஸ். ஹாரியட் என்று அருமையான மனைவி, கைக்குழந்தை ஒன்று. ஒருநாள் ஒரு பெண்மணிக்கு வைத்தியம் பார்க்க அவள் வீட்டுக்குப் போனவர், காத்திருந்த நேரத்தில் அங்கே கிடந்த சின்னப் புத்தகம் ஒன்றைப் புரட்டினார். (நம் ஊரில் டாக்டருக்காகக் காத்திருக்கும் நோயாளி பழைய வாரப் பத்திரிகை புரட்டுவார். அங்கே தலைகீழ்.) பம்பாய்க்கு வந்திருந்த கார்டன் ஹால், சாமுவேல் நியூவெல் என்ற இரண்டு மிஷனரிகள் எழுதிய புத்தகம் அது. நற்செய்தி எட்டாத 60 கோடிப் பேருக்கு யார் போவது என்று கேட்டது. இரவல் வாங்கிக் கொண்டு வீட்டுக்குப் போனார், மனைவியிடம் சொன்னார். ஹாரியட் சரி என்றாள். ஜானின் அப்பா ஒப்பவே இல்லை. அண்ணன்களும் அப்பாக்களும் எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

1819 ஜூன் 8. பாஸ்டன் துறைமுகத்திலிருந்து 'இண்டஸ்' என்ற கப்பல் கிளம்பியது. ஜானுக்கு அப்போது 25 வயது. மடியில் மகள் மரியா. நாலு மாதத்துக்கு மேல் கடல். கல்கத்தாவில் இறங்கினார்கள். அங்கேயே குழந்தை இறந்து போனது. போய்ச் சேர வேண்டிய யாழ்ப்பாணத்தை அவள் பார்க்கவே இல்லை. அடுத்துப் பிறந்த குழந்தையும் தங்கவில்லை.

பாஸ்டனில் பெட்டி கட்டும்போது அந்தக் குழந்தையின் சட்டைகளையும்தானே மடித்து வைத்திருப்பாள் ஹாரியட்? வளர்ந்தால் போடலாம் என்று ஒரு சைஸ் பெரிதாகவும் வைத்திருக்கக் கூடும். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவர்கள் திரும்பிப் போகவில்லை. பண்டத்தரிப்பில் ஆஸ்பத்திரி நடத்தினார்கள். 1836-ல் மதராஸுக்கு வந்தார்கள். பிழைத்த பிள்ளைகளைப் படிப்புக்காகக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. தகப்பனிடம் தாங்கள் வாங்கிக் கொண்ட அதே பிரிவை, இப்போது இவர்கள் பிள்ளைகளோடு அனுபவித்தார்கள். ஹாரியட் 1849-ல் மதராஸில் இறந்தார். ஜான் 1855-ல், தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில். ஆனால், அமெரிக்கா போன பிள்ளைகளில் ஏழு மகன்கள் மிஷனரிகளாக இங்கேயே திரும்பி வந்தார்கள்!

அந்தக் கடைசி மகனின் பெண்தான் ஐடா. 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவள். 'இந்த மிஷனரி வாழ்க்கையே எனக்கு வேண்டாம்' என்றவள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்த இடத்தில், ஒரே ராத்திரியில் மூணு ஆண்கள் வந்து கதவைத் தட்டினார்கள். மூணு பேர் மனைவிக்கும் பிரசவ வேதனை. ஐடாவின் அப்பா டாக்டர்தான். ஆனால், ஆண் டாக்டர் வரக் கூடாது என்றார்கள். ஐடாவோ டாக்டர் இல்லை. விடிவதற்குள் மூணு பெண்களும் இறந்து போனார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்தார். 1900-ல் திரும்பி வந்தார். 1902-ல் வேலூரில் 40 படுக்கையோடு ஆஸ்பத்திரி. 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. அதுதான் வளர்ந்து இன்றைய சி.எம்.சி. நான் உட்கார்ந்த பெஞ்சு.

அதே 'இண்டஸ்' கப்பலில் மைரன் வின்ஸ்லோ என்று இன்னொருவர் மனைவியோடு வந்தார். 67,000 சொற்களுக்கு மேல் கொண்ட தமிழ்-ஆங்கில அகராதியை அவர் 1862-ல் வெளியிட்டார்.

சார் குடும்பம் அகராதி எழுதுகிற கட்டத்துக்கு வரவில்லை. ஸ்வாஹிலி பாடம் இண்டர்நெட்டில் நடந்து கொண்டிருந்தது. முன்வரிசை மாணவன் பையன்தான். பெரியவர்கள் தடுமாறினார்கள். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குகூட, திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பொடிசுகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித்தான் தமிழ் கற்றாராம்.

எதிர் ஃப்ளாட் என்பதால் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக் கொண்டது. டீக்கு 'சாய்', சப்பாத்திக்கு 'சப்பாத்தி' என்று தெரிந்ததும் தைரியம் வந்தது. மணி விஷயத்தில் போய்விட்டது. அவர்கள் விடிந்ததிலிருந்து மணி எண்ணுகிறார்கள், நம் பழைய நாழிகைக் கணக்கு மாதிரி. காலை 7 மணி என்றால் 'ஒரு மணி'! "ஆஸ்பத்திரிக்கு 2 மணிக்கு வான்னா, 8 மணிக்குப் போகணும்" என்று பையன் விளக்க, ஆச்சி, "அப்போ சம்பளம் எப்படி எண்ணுவாங்க?" என்று கேட்டார். நியாயமான ஆடிட் கேள்வி.

பெரியவர்களைப் பார்த்தால் சிறியவர்கள் சொல்லும் வணக்கத்துக்கு அங்கே தனி வார்த்தை. 'ஷிக்கமூ.' 'உங்கள் பாதத்தைப் பிடிக்கிறேன்' என்பதிலிருந்து வந்தது என்கிறார்கள். பெரியவர் 'மரஹபா' என்று சொல்லி ஏற்றுக்கொள்ள வேண்டும். பேரப் பிள்ளைகள் காலில் விழ ஆச்சி ஒருநாளும் விட்டதில்லை. "மனுஷன் கால்ல விழப்படாது. கர்த்தருக்கு மட்டுந்தான்" என்று கண்டிப்பு. பையன் அந்த வார்த்தையைக் கேட்ட அன்று ஏதோ யோசித்தபடி இருந்தான்.

கிளம்பும் ராத்திரி வந்தது. எட்டுப் பெட்டிகளையும் கடைசியாக எடை போட்டேன். ஒன்றில் அரைக் கிலோ கூடுதல். எதை எடுப்பது? சின்னப் பெண்ணின் துணி பொம்மையா, ஒரு டப்பா ஊறுகாயா? எல்லாரும் ஆச்சியைப் பார்த்தார்கள். ஆச்சி ஊறுகாயை எடுத்து வெளியே வைத்தார். பெரியவர் ஒன்றும் பேசாமல் குனிந்து ஜிப்பை இழுத்து மூடினார். பாளையங்கோட்டையிலிருந்து தம்பியை வழியனுப்பத்தான் வந்திருந்தார். ஆச்சியை மறுநாள் கூட்டிக் கொண்டு போகப் போகிறவரும் அவர்தான்.

டாக்ஸி வந்து ஹாரன் அடித்தது. சபை ஐயர் ஜெபம் முடித்தார். சார் அம்மாவின் கையைப் பிடித்தார். பேச்சு வரவில்லை. அப்போது பையன் தங்கையையும் இழுத்துக் கொண்டு ஆச்சியின் முன்னால் வந்து நின்றான்.

"ஷிக்கமூ, ஆச்சி."

விழவில்லை. நின்றபடிதான் சொன்னான். சட்டப்படி தப்பில்லை.

ஆச்சி இரண்டு பேர் தலையிலும் கை வைத்தார்.

"மரஹபா."

பாடம் நடக்கும்போதெல்லாம் மூலையில் சுக்கு இடித்துக் கொண்டிருந்த கிழவி, ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறாள்!

மறுநாள் காலை, ஃப்ளாட் சாவியை வாங்க எதிர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பெட்டிகள் இருந்த இடம் வெறிச்சென்று கிடந்தது. அந்த ஊறுகாய் டப்பாவை என் கையில் கொடுத்து, "நீ திண்ணுய்யா" என்றார் ஆச்சி. அழுது வீங்கின கண். அடுப்பில் உலை கொதித்துக் கொண்டிருந்தது, அவருக்கும் மூத்த மகனுக்கும். அரிசியைக் களைவதற்கு முன் ஒரு பிடி எடுத்து, ஜன்னலோரம் இருந்த டின்னில் போட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னுமா ஆச்சி? அதான் உங்க பிள்ளையே போயாச்சே!"

ஆச்சி டின்னை மூடிவிட்டுத் திரும்பினார்.

"எம் புள்ள போயிட்டாங்கிறதுக்காக, அடுத்தவ புள்ளைய விட்ர முடியுமாய்யா?"